ஈ02 விழுது, பம்ப் மாத்தச் சொல்றாங்க: மாத்தவா வேணாமா?

மே 21, இரவு 9.15 · வத்தளைப் பொடியன்

அண்ணேமார், என்கிட்ட ஒரு கொமட்சு பீசி 200 டேஷ் 7 எக்ஸ்கவேட்டர் (மண் தோண்டுற மெஷின்) இருக்கு. ஜப்பான் ரீகண்டிஷன், வத்தளை பக்கம் காணி நிரப்புற வேலைக்கு ஓடுது. ரெண்டு மாசமா ஒரே கரைச்சல். நல்லாத்தான் வேலை செஞ்சுக்கிட்டு இருக்கும், பக்கெட்டை ஆழமா குத்தி இழுக்கிற நேரம் பாத்து இன்ஜின் அப்படியே விழும், கரும்புகை கக்கும், சில நேரம் ஓஃப் ஆகியே போயிரும். திரும்ப ஸ்டார்ட் பண்ணினா ஒண்டுமே நடக்காத மாதிரி ஓடும்.

டீசல் பில்டர் மாத்தியாச்சு, டீசல் பம்ப் கழட்டி கலிபரேஷன் பண்ணியாச்சு, டேங்க் கழுவியாச்சு. பிறகு ஹைட்ரோலிக் பாஸ் (மெக்கானிக்) ஒருத்தர் வந்து மெயின் பம்ப் போயிட்டு, மாத்தணும், 9 லட்சம்ன்னாரு. இன்னொருத்தர் பம்ப் இல்ல, கொன்ட்ரோலர், அதாவது மெஷினோட கொம்பியூட்டர் பெட்டின்னாரு. அவர் பேச்சைக் கேட்டு பழைய கொன்ட்ரோலர் ஒண்டு 1,85,000க்கு வாங்கிப் போட்டேன். நாலு நாள் சூப்பர். அஞ்சாம் நாள் திரும்ப அதே. மொனிட்டர்ல ஈ02ன்னு பழுது கோட் ஒண்டு விழுது, பிறகு தானாவே போயிருது. பம்ப் மாத்தவா? காணி ஓனர் தினமும் கோல் எடுக்கிறார்.

மே 21, இரவு 10.02 · 24வோல்ட்

எதையும் வாங்காதீங்க தம்பி. சல்லி செலவில்லாத ஒரு கேள்வி முதல்ல. சீட்டுக்கு வலது பக்கம் பின்னால ஒரு மூடிக்குள்ள எமர்ஜென்சி பம்ப் சுவிட்ச் இருக்கே, ஈ02 விழுற நேரம் அதை மேல தள்ளிப் பாத்தீங்களா?

மே 21, இரவு 10.48 · 24வோல்ட்

சாப்பிட்டு வந்துட்டேன், இனி விளக்கமா எழுதுறேன், ஏன்னா இந்த ஈ02வைப் பாத்துட்டு பம்ப்பைக் கழட்டின ஆக்களை நானே கண்டிருக்கேன்.

ஈ02ன்னா பம்ப் பழுதுன்னு அர்த்தம் இல்ல. பம்ப்புல பீசி-ஈபிசின்னு ஒரு சின்ன கோயில் (கம்பிச் சுருள்) வால்வ் இருக்கு, அதுக்கு கொன்ட்ரோலர்லருந்து கூடினா 1 அம்பியர் அளவுல கறண்ட் போகும். அந்தக் கறண்ட் சொன்னபடி போகல்லன்னுதான் மொனிட்டர் கத்துது. கொன்ட்ரோலருக்கு பம்ப்பு தேஞ்சிருக்கா உடைஞ்சிருக்கான்னு பாக்க கண் இல்ல, அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் கறண்ட் மட்டும்.

இதுல எல்லாரும் விழுற குழி ஒண்ணு இருக்கு. கறண்ட் இல்லன்னா பம்ப் சோர்ந்து போகும், மெஷின் ஆமை மாதிரி நகரும்ன்னு நினைப்பாங்க. இந்த மெஷின்ல தலைகீழ். கறண்ட் கூடக்கூட பம்ப் தன்னைச் சுருக்கிக்கும், கறண்ட் அறுந்தா பம்ப் முழுசா வாயைத் திறந்துரும். இன்ஜின் 1950 ஆர்பிஎம்ல 143 குதிரை வலுதான், அதுக்கு மேல பம்ப் கேட்டா குடுக்க அதுகிட்ட இல்ல. அந்தக் கறண்ட்தான் மூக்கணாங்கயிறு. கயிறு அறுந்தா மாடு இழுத்த பக்கம் வண்டி. அதான் உங்க இன்ஜின் விழுது, புகை கக்குது, ஓஃப் ஆகுது. பாக்கிறவன் கண்ணுக்கு டீசல் பிரச்சினை மாதிரியே இருக்கும். 2022ல டீசல் கியூவுல நின்னு பெரல்ல வாங்கி ஊத்தின காலத்துலருந்து நம்ம ஆக்களுக்கு புகை கண்டாலே முதல்ல டீசல் மேலதான் சந்தேகம்.

(எல்லா மெஷினும் இப்படி இல்ல. சிலதுல கறண்ட் போனா பம்ப் அடங்கிரும், மெஷின் சோம்பிப் போகும். அதால உங்க மெஷினோட புத்தகத்தைப் பாக்காம நான் சொன்னதை வேற மெஷினுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க.)

மே 22, மாலை 6.30 · வத்தளைப் பொடியன்

அண்ணே, செஞ்சு பாத்தேன். சுவிட்ச்சை மேல தள்ளினா முழுநாளும் வேலை செய்யுது, ஓஃப் ஆகவே இல்ல. கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். இதுல பகிடி என்னன்னா, ஓப்பரேட்டர் மல்லிகிட்ட சொன்னேன், அவன் சிரிக்கிறான். அவன் ஒரு மாசமா அதைத்தான் செய்யுறானாம்! மெஷின் விழுந்தா மேல தள்ளுவானாம், நான் சைட்டுக்கு வந்தா கீழ இறக்கிருவானாம், ஏசுவேன்னு பயத்துல. 1,85,000 போச்சே அண்ணே.

மே 22, இரவு 9.20 · 24வோல்ட்

மல்லிக்கு ஒரு பிளேன்டி வாங்கிக் குடுங்க, ஏசாதீங்க. அவன்கிட்ட கேக்காம பில்டர் மாத்தினது உங்க பிழை.

இப்ப பாருங்க எவ்வளவு குறைஞ்சிட்டுன்னு. அந்த சுவிட்ச் மேல இருக்கிற நேரம் கொன்ட்ரோலரை ஓரமா வச்சிட்டு பட்டரி கறண்டை ஒரு ரெசிஸ்டர் வழியா நேரா வால்வுக்குக் குடுக்கும். அப்ப மெஷின் நல்லா ஓடுதுன்னா:

பம்ப் நல்லம். இன்ஜின் நல்லம். வால்வ் கோயில் நல்லம். சுவிட்ச்லருந்து வால்வு வரைக்கும் வயர் நல்லம். சுவிட்ச்சும் நல்லம்.

மிச்சம் இருக்கிறது கொன்ட்ரோலர் பக்கம் மட்டும். அதுவும் கொன்ட்ரோலர் போயிட்டுன்னு இல்ல, அதுக்கு வாற பவரும் எர்த்தும் முதல் சந்தேகம். 9 லட்சத்தை பேங்க்லயே வச்சிருங்க.

சுவிட்ச்சை மேலயே வச்சு நிரந்தரமா ஓட்டலாமான்னு அடுத்ததா கேப்பீங்க. ஓட்டாதீங்க. லோட் கூடினாலும் குறைஞ்சாலும் ஒரே கறண்ட்தான் போகும். மெஷினை வேலை முடிச்சு வீட்டுக்குக் கொண்டுவர வச்ச சுவிட்ச் அது.

மே 22, இரவு 9.55 · 24வோல்ட்

பவரும் எர்த்தும் பாக்கிறது எப்படின்னு உள்பெட்டியில ரெண்டு பேர் கேட்டிருக்காங்க, இங்கயே சொல்றேன்.

மீற்றர் மட்டும் வச்சுப் பாக்காதீங்க. மீற்றர் கறண்டே எடுக்காது. வயர்ல இருக்கிற முப்பது நூலுல இருபத்தொன்பது அறுந்து ஒரே ஒரு நூல் தொங்கிக்கிட்டு இருந்தாலும் மீற்றர் சந்தோஷமா 24 காட்டும். பைப்பைத் திறக்காம பிரஷர் மட்டும் பாத்துட்டு வாளி நிறையும்ன்னு சொல்ற மாதிரி. வாளியை வச்சுப் பாக்கணும். என் வாளி லொறி பிரேக் லைட் பல்ப், 24 வோல்ட் 21 வொட். ஹோல்டர்ல மாட்டி ரெண்டு வயர், ரெண்டு கிளிப். அது எடுக்கிறது 0.9 அம்பியர் கிட்ட, அதாவது இந்த வால்வ் கேக்கிற அளவுதான். கொன்ட்ரோலர் பிளக்கைக் கழட்டிட்டு, பிளக்ல பவர் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவுல பல்ப். வெள்ளையா எரிஞ்சா நல்லம். மஞ்சளா எரிஞ்சா எங்கயோ தின்னுது. பல்ப் எரியிற நேரமே மீற்றரை பட்டரி மைனஸுக்கும் பிளக் எர்த்துக்கும் வச்சுப் பாருங்க, அரை வோல்ட்டுக்கு மேல இருந்தா எர்த் வயரோட கடைசி வரைக்கும் போய் போல்ட்டைக் கழட்டி பெயின்ட் சுரண்டிப் போடணும்.

இந்தப் பல்ப்பைக் கொண்டுபோய் சென்சர் வயர்ல வைக்காதீங்க. அது 5 வோல்ட் லைன், சிக்னல் 0.5லருந்து 4.5 வரைக்கும்தான் ஆடும். அங்க 24 வோல்ட் ஏத்தினா அப்பத்தான் உண்மையாவே கொன்ட்ரோலர் வாங்க வேண்டி வரும்.

இந்தப் பழக்கம் எனக்கு வந்தது 2016 மே வெள்ளத்துக்குப் பிறகு. கொலன்னாவையில ஒரு யாட்ல சீட் மட்டத்துக்கு தண்ணி நின்ன மெஷின்கள். கழுவிக் காயவச்சு எல்லாம் ஓடுச்சு, எல்லாரும் கைதட்டினாங்க. ஆறு மாசம் கழிச்சுத்தான் ஒண்ணொண்ணா விழ ஆரம்பிச்சுது. எந்த வயரை மீற்றர்ல பாத்தாலும் 24. எந்த வயரை வெட்டிப் பாத்தாலும் உள்ள பச்சை.

மே 23, காலை 7.10 · கிரேன் நானா

கொம்பியூட்டர் மெஷினை லொறி பல்ப் வச்சுப் பாக்கிறவரை இப்பத்தான் காணுறேன் மச்சான். அடுத்தது எலுமிச்சம்பழமா?

மே 23, காலை 7.45 · 24வோல்ட்

எலுமிச்சம்பழம் மெஷின் வாங்கின அன்னிக்கே வச்சு நசுக்கியாச்சு நானா, அதுக்கு கேரண்டி கிடையாது. பல்ப் 100 ரூபா சொச்சம். உங்க கிரேன்ல போன மாசம் லெப்டொப் பூட்டி மூணு நாள் பாத்துட்டு கடைசியில என்ன கண்டுபிடிச்சீங்க? பட்டரி டெர்மினல் லூஸ். நான் மறக்கல்ல.

மே 24, மாலை 5.40 · வத்தளைப் பொடியன்

அண்ணே, வயரிங் பாஸ் ஒருத்தரை வச்சு நீங்க சொன்னபடியே பாத்தோம். பல்ப் பளிச்சுன்னு எரியுது. எர்த்துல 0.08 வோல்ட்தான். வால்வ் கோயில் 9.5 ஓம்ஸ். கொன்ட்ரோலர் பிளக்லருந்து வால்வ் பிளக் வரைக்கும் ரெண்டு வயரையும் மீற்றர்ல பீப் வச்சுப் பாத்தோம், ரெண்டும் பீப் அடிக்குது. ஹானஸை (வயர்க் கட்டை) ஆட்டி ஆட்டியும் பாத்தோம்.

மே 24, இரவு 8.15 · 24வோல்ட்

கோயில் 7லருந்து 14 ஓம்ஸுக்குள்ள இருந்தா சரி, உங்களது சரி. பவர் சரி, எர்த் சரி, வயர் சரி. அப்ப கொன்ட்ரோலர்தான் தம்பி. பழையது வாங்கிப் போட்டதும் அதே பழுதோட வந்திருக்கும். மனசுக்குக் கஷ்டம்தான், என்ன செய்ய.

மே 25, அதிகாலை 1.10 · 24வோல்ட்

நித்திரை வரல்ல. மேல நான் எழுதினதை நம்பாதீங்க.

ரெண்டு கொன்ட்ரோலர், ரெண்டும் ஒரே பழுது, ரெண்டும் விட்டு விட்டு வாற பழுது. அது நடக்கவே நடக்காதுன்னு இல்ல, ஆனா கழுத்துல கத்தி வச்சாலும் நான் அதுல பந்தயம் கட்ட மாட்டேன். அந்த நாலு நாள்தான் என்னைக் குடையுது. புது கொன்ட்ரோலர் போட்ட பிறகு நாலு நாள் ஏன் ஓடுச்சு? கொன்ட்ரோலரைத் தவிர அன்னிக்கு வேற என்னத்தைத் தொட்டாங்க?

மே 22 நான் எழுதினதைத் திருப்பி வாசிச்சேன். "சுவிட்ச்சும் நல்லம்." யார் சொன்னது? நானே சொல்லிட்டேன். வெக்கமா இருக்கு. அந்த சுவிட்ச் மேல இருக்கிற நேரம் நல்லம்ன்னுதான் நமக்குத் தெரியும். ஆனா அது கீழ, அதாவது நோர்மல்ல இருக்கிற நேரமும் கொன்ட்ரோலர் கறண்ட் அதுக்குள்ளாலதான் வால்வுக்குப் போகுது! ஆறு கால் சுவிட்ச், மேல ஒரு ஜோடி கொண்டாக்ட், கீழ ஒரு ஜோடி. மேல் ஜோடி நல்லம்ன்னா கீழ் ஜோடியும் நல்லம்ன்னு ஆகுமா? அந்தக் கீழ் ஜோடிதான் 20 வருஷமா யாரும் அசைக்காம அப்படியே மூடிக் கிடந்தது.

பீப் அடிச்சுதேன்னு கேப்பீங்க. இப்பத்தான் என் மீற்றரை எடுத்து ரெசிஸ்டர் பெட்டியைக் கொட்டிப் பாத்தேன். 33 ஓம்ஸுக்கும் பீப் அடிக்குது! மீற்றர் கொம்பனிக்கு அது சரி, வயர் இருக்கா இல்லையான்னு சொல்லத்தான் பீப். நமக்கு 33 ஓம்ஸ்ன்னா மெஷின் படுத்துரும்.

மல்லிகிட்ட ஒண்ணு கேளுங்க: கொன்ட்ரோலர் மாத்தின அன்னிக்கு அந்த சுவிட்ச்சை எத்தனை தரம் மேல கீழ அடிச்சாங்கன்னு.

மே 25, காலை 11.25 · வத்தளைப் பொடியன்

கேட்டேன் அண்ணே. "எண்ணல்ல, வந்தவர் பொழுது போகாம டக்கு டக்குன்னு அடிச்சுக்கிட்டே இருந்தார்"ன்னு சொல்றான்.

மே 25, காலை 11.40 · 24வோல்ட்

அப்ப கொண்டாக்ட் தேய்ஞ்சு சுத்தமாகி நாலு நாள் ஓடியிருக்கு. நினைக்கிறேன். இப்ப "நினைக்கிறேன்"தான், நேத்து மாதிரி தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

மே 26, இரவு 9.30 · 24வோல்ட்

தெமட்டகொடையிலருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார், பிளக் எல்லாம் கழட்டுறது வில்லங்கம், ஊசியால வயரைக் குத்திப் பாத்தா சுகம்தானேன்னு.

ஊசிக் கதை என்கிட்ட ஒண்ணு இருக்கு, இதுவரைக்கும் வெளியில சொன்னதில்ல. பல வருஷத்துக்கு முன்னால ஒரு மெஷின்ல பிரஷர் சென்சர் வயரை அஞ்சு இடத்துல குத்திப் பாத்து பழுதைக் கண்டுபிடிச்சேன், சல்லி வாங்கினேன், போயிட்டேன். ஒரு வருஷம் கழிச்சு அதே மெஷின், இப்ப கொழும்பு போட் சிட்டி வேலையில, கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டயர், நாலா பக்கமும் உப்புக் காத்து. ட்ராவல் பண்ணினா அலாம் அடிக்குது, பூம் ஏத்தினா சென்சர் கோட் விழுது. ரெண்டு நாள் தேடினேன். வயரை உரிச்சுப் பாத்தா அஞ்சு இடத்துல அஞ்சு பச்சைப் புள்ளி, நடுவுல செம்பு மாவா கொட்டுது. ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவுல சரியா ஒரு சாண் இடைவெளி. என் சாண். ஓனர்கிட்ட "உப்புக் காத்து பாஸ்"ன்னு சொன்னேன். அதுவும் பொய் இல்ல. ஆனா அந்த வேலைக்குச் சல்லி வாங்கல்ல, ஏன் வாங்கல்லன்னு அவருக்கு இன்னும் விளங்கியிருக்காது.

பிளக்கோட பின்பக்கத்தால, ரப்பர் சீலுக்கும் வயருக்கும் நடுவுல மெல்லிசு ஊசியை சாய்ச்சு விடுங்க, வயர் தோல்ல ஓட்டை விழாது. அவசரத்துக்குக் குத்தித்தான் ஆகணும்ன்னா குத்தின இடத்தை சீல் பண்ணிட்டு எழும்புங்க.

மே 27, காலை 6.50 · கிரேன் நானா

சாண் கணக்கு சூப்பர் மச்சான். டெர்மினல் கதையை மன்னிச்சிட்டேன்.

ஜூன் 10, இரவு 8.45 · 24வோல்ட்

இன்னிக்கு பொசன் போயா (பௌத்தப் பௌர்ணமி நாள்), வேலை லீவு, மெஷின் சும்மா நிக்குது. நேரா வத்தளைக்கே போயிட்டேன். வழியெல்லாம் தன்சல் (இலவச சாப்பாட்டுப் பந்தல்), மூணு இடத்துல மறிச்சு கடலை சாப்பிட வச்சிட்டாங்க, பத்து மணிக்குப் போக வேண்டியவன் பன்னெண்டுக்குத்தான் போய்ச் சேந்தேன்.

முதல்ல என் கணக்கு பிழைச்சுது. சுவிட்ச்சை கீழ வச்சு மெஷினை ஸ்டார்ட் பண்ணி மொனிட்டர்ல சேவிஸ் மெனுவுக்குப் போய் பீசி-ஈபிசி கறண்ட்டைப் பாத்தா அழகா காட்டுது. மல்லி பக்கெட்டைக் குத்தி இழுக்கிறான், இன்ஜின் அசையுது, விழல்ல. ஹானஸை ஆட்டினேன், கொன்சோலைத் தட்டினேன், ஒண்ணும் இல்ல. ஒரு மணித்தியாலம். வந்த இடத்துல பழுது ஒளிஞ்சுக்கிட்டா எலக்ட்ரீஷியனுக்கு வாற கோவம் இருக்கே, அது வேற.

பிறகு மழை வந்துச்சு. அப்பத்தான் பாத்தேன், கெபின்ல வலது பக்கம் பின் கண்ணாடி இல்ல. பொலித்தீன் போட்டு டேப் ஒட்டி இருக்கு. எத்தனை நாளான்னு கேட்டா தம்பி சொல்றார், வாங்கின நாளிலருந்தே அப்படித்தானாம். பொலித்தீன் ஓரத்தால ஒரு கோடு தண்ணி இறங்கி, கொன்சோல் விளிம்புல சேந்து, சொட்டுச் சொட்டா அந்த சுவிட்ச் மூடிக்குள்ளதான் போகுது. இதை நான் கேட்டிருக்கவே இல்ல. மே 21லருந்து இத்தனை பக்கம் எழுதினேன், மெஷின் நனையுதான்னு ஒரு வார்த்தை கேக்கல்ல.

இருபது நிமிஷத்துல ஈ02.

மெஷினை ஓஃப் பண்ணி, கொன்ட்ரோலர் பிளக்கும் வால்வ் பிளக்கும் ரெண்டையும் கழட்டினேன். இப்ப நடுவுல இருக்கிறது வெறும் வயரும் சுவிட்ச்சும். பட்டரியிலருந்து 3 அம்பியர் பியூஸ் போட்ட ஒரு வயர், அது பல்ப்புக்கு, பல்ப்லருந்து கொன்ட்ரோலர் பிளக்ல முதல் காலுக்கு, அந்தப் பக்கம் வால்வ் பிளக்ல எர்த். பளிச்சுன்னு வெள்ளை. அடுத்த காலுக்கு மாத்தினேன். ஊதுபத்தி நுனி மாதிரி ஒரு சிவப்பு. கண்ணாடிக்குள்ள நூல் தெரியுது, வெளிச்சம் இல்ல. மல்லியை சுவிட்ச் பக்கத்துல விரலால தட்டச் சொன்னேன், ஒவ்வொரு தட்டுக்கும் மஞ்சள், சிவப்பு, மஞ்சள், சிவப்பு. சுவிட்ச்சுக்குக் குறுக்க மீற்றர் வச்சா 12க்கும் 17க்கும் நடுவுல ஆடுது. பூச்சியமா இருக்க வேண்டிய இடம்.

தம்பி அதைப் பாத்துட்டு ஒண்ணுமே கதைக்கல்ல. தோள்ல கைய வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் பல்ப்பையே பாத்துக்கிட்டு இருந்தார்.

சுவிட்ச்சைக் கழட்டி உடைச்சுப் பாத்தோம். மண், பச்சை மாவு, பல்லி முட்டை ஓடு பாதி. கீழ் ஜோடியில ஒரு கொண்டாக்ட் கறுத்துப் போய் நடுவுல குழி. மேல் ஜோடி தங்கம் மாதிரி மினுங்குது, மல்லியோட புண்ணியம்.

ஜூன் 11, இரவு 10.05 · 24வோல்ட்

ஏன் கொஞ்சம் கொஞ்சமா மந்தமாகாம திடீர்ன்னு விழுந்துச்சுன்னு கேட்டீங்க. நல்ல கேள்வி, நேத்து பஸ்ல வாற நேரம் நானும் கணக்குப் போட்டேன்.

இன்ஜின் ஓடுற நேரம் ஆல்டனேட்டர் 28 வோல்ட் தருது. கோயில் 9.5 ஓம்ஸ், கூடின பட்சம் 1 அம்பியர் வேணும்ன்னா 9.5 வோல்ட் காணும். கொன்ட்ரோலர் வோல்ட்டைப் பாக்கிறதில்ல, கறண்ட்டைத்தான் பாக்குது. நடுவுல சுவிட்ச் 5 ஓம்ஸ் தின்னா கொன்ட்ரோலர் கொஞ்சம் கூடத் திறந்து அந்த 1 அம்பியரைக் குடுத்துரும், யாருக்கும் தெரியாது. 10 ஓம்ஸ் தின்னாலும் குடுக்கும். 15க்கும் குடுக்கும். 18 தாண்டின உடனேதான் கையில இருக்கிற 28ம் காணாமப் போகுது. அதாவது இந்த சுவிட்ச் உங்களுக்குத் தெரிய முன்னாலயே எவ்வளவோ காலமா செத்துக்கிட்டு இருந்திருக்கு, கொன்ட்ரோலர் அதை மூடி மறைச்சுக் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கு. நீங்க கடைசியில கழட்டி வீசினது அந்தக் கொன்ட்ரோலரைத்தான்.

இதாலதான் வால்வ் பிளக்ல வோல்ட் எவ்வளவு வருதுன்னு என்கிட்ட கேட்டா நான் பதில் சொல்றதில்ல. கறண்ட் எவ்வளவுன்னு சொல்லுங்க.

ஜூன் 13, பகல் 2.20 · 24வோல்ட்

சுவிட்ச் விஷயம். கொழும்புல பழைய பாட்ஸ் விக்கிற பஞ்சிகாவத்தையில எட்டுக் கடை ஏறி இறங்கினேன். ஒரு நானா கடையில பழைய மெஷின் கொன்சோல் முழுசா இருக்கு, சுவிட்ச் மட்டும் தனியா தர மாட்டாராம், முழு கொன்சோல் 40,000. அடுத்த கடையில மேல கீழ ஆறு கால் டொகிள் சுவிட்ச் 450 ரூபா, ஆனா உடம்புல 250 வோல்ட் ஏசின்னு மட்டும்தான் எழுதியிருக்கு. ஏசியில கறண்ட் செக்கனுக்கு நூறு தரம் தானே செத்துச் செத்துப் பிறக்குது, பொறி அணைஞ்சிரும். டீசியில அணையாது, அதுவும் கோயில் லோட்டுன்னா கொண்டாக்ட்டைத் தின்னுரும். டீசி ரேட்டிங் எழுதியிருக்கிறதுதான் வேணும். கடைசியில போட் எஞ்சின் சாமான் விக்கிற இடத்துல கிடைச்சுது, ரப்பர் தொப்பி போட்டது, 1,900.

ஒருத்தர் கேட்டிருக்கார், சுவிட்ச்சையே தூக்கிட்டு ரெண்டு வயரையும் நேரா முடிஞ்சு விட்டா என்னன்னு. ஓடும். எனக்குத் தெரிஞ்ச பாதி மெஷின் அப்படித்தான் ஓடுது. நான் செய்ய மாட்டேன். அடுத்த தரம் உண்மையாவே கொன்ட்ரோலர் போற நாள்ல மெஷின் குழிக்குள்ள நிக்கும், மேல தள்ள ஒண்ணும் இருக்காது. அதுவும் இந்த மழைக்காலத்துல களனி கங்கை ஓரத்துக் குழின்னா காலையில வந்து பாக்க பூம் மட்டும்தான் தெரியும்.

1,900 சுவிட்ச். கண்ணாடி வெட்டிப் பூட்ட 6,500. கண்ணாடி போடாம சுவிட்ச் மட்டும் போட்டா என்னைக் கூப்பிடாதீங்க.

ஜூன் 15, காலை 9.00 · 24வோல்ட்

புது மொடல் மெஷின் வச்சிருக்கிறவர் கேட்டதுக்குச் சுருக்கமா: கேன் லைன் (மெஷின்ல இருக்கிற கொம்பியூட்டர் பெட்டிகள் ஒண்ணோட ஒண்ணு பேசுற ரெண்டு வயர்) கோட் விழுந்தா மாஸ்டர் சுவிட்ச் ஓஃப் பண்ணிட்டு ரெண்டு கேன் வயருக்கும் நடுவுல ஓம்ஸ் பாருங்க. ரெண்டு முனையிலயும் 120, 120 இருக்கு, சேந்து 60 காட்டணும். 120 காட்டினா ஒரு முனை அறுந்திருக்கு. பூச்சியம் கிட்டன்னா ரெண்டு வயரும் ஒட்டியிருக்கு. இதுக்கு பல்ப் வேணாம், பல்ப்பைக் கிட்டயே கொண்டு போகாதீங்க.

மெஷின்ல வெல்டிங் வைக்க முன்னால பட்டரி கழட்டணுமான்னும் கேட்டிருக்கீங்க. ஓம். கொன்ட்ரோலர் பிளக்கும். எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கிற இடத்துக்கு ஒட்டினாப்போல போடுங்க, பக்கெட்ல வெல்டிங் வச்சிட்டு கெபின்ல எர்த் போடுற ஆக்களைக் கண்டா நான் அந்தப் பக்கமே போறதில்ல.

ஜூலை 3, இரவு 7.50 · வத்தளைப் பொடியன்

அண்ணே, மூணு கிழமை ஆச்சு. நடுவுல அஞ்சு நாள் விடாம மழை. ஈ02 ஒரு தரம்கூட விழல்ல, புகையும் இல்ல. கண்ணாடியும் போட்டுட்டேன். 9 லட்சம் சொன்ன பாஸுக்கு கோல் எடுத்துச் சொன்னேன், "நான் அப்பவே சொன்னேன் வயரிங்ன்னு" என்கிறார்.

பழைய கொன்ட்ரோலரைத் திரும்பப் போட்டுட்டு, வாங்கினதை விப்பம்ன்னு பாத்தா இப்ப ரெண்டும் மேசையில ஒரே மாதிரி இருக்கு, எது என்ட, எது வாங்கினதுன்னு தெரியல்ல.

ஜூலை 3, இரவு 8.05 · 24வோல்ட்

பாட் நம்பரைப் பாருங்க, கடைசி ரெண்டு இலக்கம் வேற மாதிரி இருக்கலாம். அதுவும் ஒண்ணுன்னா, ஜப்பான்ல ஒட்டின ஸ்டிக்கர் எதுல இருக்கோ... இல்ல, ரெண்டுலயும் இருக்குமே. பல்லி எச்சம் எதுல கூட இருக்கோ அது உங்களது.

ஜூலை 3, இரவு 8.30 · வத்தளைப் பொடியன்

இன்னொண்டு அண்ணே, சொல்லப் பயமா இருக்கு. நேத்து பின்னேரம் ஈ03 விழுந்துச்சு, மெஷின் சுத்த மாட்டேங்குது. கொஞ்ச நேரத்துல தானா சரியாச்சு.

ஜூலை 3, இரவு 8.34 · 24வோல்ட்

சுவிங் பிரேக். அதுக்கும் ஒரு எமர்ஜென்சி சுவிட்ச் இருக்கு, நான் மாத்தினதுக்கு ஒட்டினாப்போல, அதே மூடிக்குள்ள. அதுவும் அதே தண்ணியைத்தான் குடிச்சிருக்கும். மல்லி அதை எத்தனை மாசமா அடிக்கிறான்னு கேட்டுட்டு வாங்க.